கொப்புளம் அடித்த சுவர்

ணங்!

மூன்றாம் மாடி வாசலில் சாப்பாட்டுத் தூக்கு விழுந்தது. அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்தன. ஒன்று படிக்கட்டு வழியாக இறங்கி, கீழ் மாடியைப் பார்த்துப் போயே போய்விட்டது. மூடி மட்டும் வாசலிலேயே சுழன்று சுழன்று அடங்கியது.

எதையும் எடுக்க இஸ்திரியக்கா குனியவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்தபடி வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றான் உள்ளே நின்ற அவள் தம்பி. கையில் ரோலர், காது மடலில் பெயிண்ட், முகம் நிறையப் பெருமை.

வலது பக்கச் சுவர் பளபளத்தது. காலையில் அவள் வேலைக்குப் போகும்போது அது கறுப்பும் பச்சையுமாக, ஓதம் ஏறி, உலகப் படம் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. இப்போது தரையிலிருந்து கூரை வரை ஒரே வெண்ணெய் நிறம்.

"பாவி!" என்றாள் அக்கா. "குடியைக் கெடுத்தியேடா!"

தம்பியின் ரோலர் தாழ்ந்தது. "கலர் பிடிக்கலையா?"

அக்கா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. நாள் முழுக்க நீராவியில் நின்றுவிட்டு வருவதால் வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். இன்று அவளே ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலையில யாருடா வராங்க?"

"வீட்டு வசதி ஆபீஸ்லேருந்து அதிகாரியம்மா. நீதானே சொன்னே, வீட்டைப் பார்க்க வராங்கன்னு?"

"வீட்டுல எதைப் பார்க்க வராங்க?"

தம்பி சுற்றிலும் பார்த்தான். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் துணிகள், நடுவில் பாய். பார்க்க அதிகம் இல்லை.

"இந்தச் சுவரைடா! கறுப்பா, பூசணம் பூத்து, தண்ணி கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சே, என் தங்கமான சுவரு, அதைப் பார்க்கத்தான் வராங்க! வருமானம் குறைஞ்ச குடும்பத்துக்குப் புதுக் குடியிருப்புல வீடு தராங்க. வாங்குற சம்பளத்துக்குத் தக்கபடி வாடகை. முன்பணத்தை அவங்களே கட்டுறாங்க. சாமான் ஏத்துற வண்டிக்குக்கூட அவங்களே பணம் தராங்க. ஆனா கேட்டவங்க எல்லாருக்கும் கொடுக்க வீடு இல்லை. அதனால, இப்ப இருக்கிற வீடு மனுஷன் இருக்க லாயக்கில்லைன்னு யாருக்குத் தெரியுதோ, அவங்களுக்குத்தான் முதல்ல. நமக்குன்னு இருந்த ஒரே தகுதி அந்தச் சுவர்தான். அதைப் போய் இப்படி அழகு பண்ணி வெச்சிருக்கியே!"

தம்பி பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டான். மூடாத டப்பா. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"பெயிண்டரோட அக்கா வீட்டுச் சுவர் அப்படி இருந்தா அந்தம்மா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு..." என்று இழுத்தான்.

"உன்னைப் பார்க்கவாடா வராங்க? நீ என்ன மாப்பிள்ளையா?"

அப்போது அறையின் நடுவில் இருந்த பெரிய பிளாஸ்டிக் விரிப்பு அசைந்தது. சரசரவென்று எழுந்தது. அதற்குள்ளிருந்து அக்காவின் கணவர் தலையை நீட்டினார். ரொட்டித் தொழிற்சாலையில் இரவெல்லாம் மாவு பிசைந்துவிட்டு, பகலெல்லாம் தூங்குகிறவர். மீசையில் இரண்டு வெண்ணெய் நிறச் சொட்டுகள்.

"என்ன சத்தம்? மணி ஆயிடுச்சா? எனக்கு ஏன் மூச்சு முட்டுது?"

"பெயிண்ட் தெறிக்கக் கூடாதேன்னு உங்க மேல ஷீட் போட்டு மூடினேன் அத்தான்."

"மச்சான், என்னை எழுப்பியிருக்கலாமே?"

"நீங்க அசந்து தூங்கிட்டு இருந்தீங்க. பாவமா இருந்துச்சு."

அவர் சுவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் பிளாஸ்டிக்கை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார்.

"எழுந்திருங்க! நீங்க வீட்டுல இருந்தும் இது நடந்திருக்கே!" என்று அக்கா விரிப்பை உருவினாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. வாய் மட்டும் நாற்பதைத் தாண்டியது. படிக்கட்டில் கிடந்த தூக்கு அடுக்கை எடுத்துக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, மாடி மாறி வந்துட்டோமா?"

இளையவன் உள்ளே ஓடி, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்து, கன்னத்தையும் வைத்தான். "அய், வழவழன்னு இருக்கு!" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்து, அக்கா முதுகைத் தடவிக்கொடுத்த பிறகே நின்றது.

அந்த இருமலுக்காகத்தான் இத்தனை அலைச்சலும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அந்தச் சுவருக்குள் ஓடுகிறது. எங்கேயோ விரிசல். வீட்டுக்காரரிடம் சொன்னால், "பார்க்கிறேன்" என்பார். பார்த்ததில்லை. டாக்டரோ, மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, "மருந்து பாதிதான் வேலை செய்யும்மா. வீட்டை மாத்துங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டை மாற்றுவது என்றால் முன்பணம் வேண்டும். முன்பணம் இருந்தால் அவர்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள்?

"சரி, இப்பவே சுரண்டிடுவோம்" என்று அக்கா கரண்டியை எடுத்தாள்.

"கரண்டியைக் கீழே வை" என்றார் ரொட்டிக்காரர். "ஆபீஸ்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல? வேணும்னே வீட்டைச் சேதப்படுத்தியிருந்தா மனுவையே தள்ளிடுவாங்க. புதுசா பெயிண்ட் அடிச்சு, அதைப் புதுசா சுரண்டி வெச்சிருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? நாமளே சுவரைக் கெடுத்துட்டு வீடு கேட்கிறோம்னு நினைப்பாங்க."

அதுவும் நியாயமாகப்பட்டது. கரண்டி இறங்கியது.

டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்த தம்பி திடீரென்று சிரித்தான். எழுந்தான். கால்சட்டையின் பின்புறம் வட்டமாக வெண்ணெய் நிறம்.

"அக்கா, நாம எதுக்குக் கவலைப்படுறோம்? இதை அடிச்சது யாரு?"

"நீதான், வேற யாரு இந்த வேலையைப் பண்ணுவாங்க?"

"நான் அடிச்ச பெயிண்ட் என்னைக்காவது நின்னிருக்கா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். உண்மைதான். அவனுக்கு ஊருக்குள் கொப்புளம் என்று பெயர். அவன் பெயிண்ட் அடித்துவிட்டுப் போன சுவர் மறுநாளே புஸ்ஸென்று கொப்புளம் விடும்; அடுத்த நாள் உரியும். முடிதிருத்தும் கடை ஒன்றின் கூரைக்குப் பெயிண்ட் அடித்தான். அங்கே முடிவெட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் பொடுகோடு வீட்டுக்குப் போனார்கள்.

"ஓதம் இல்லாத சுவரே மறுநாள் கொப்புளம் விடும். இது தண்ணி ஊறின சுவர். காலையில பாரு, அப்பளம் மாதிரி உப்பியிருக்கும்" என்றான் கொப்புளம்.

"சத்தியமா?"

"என் தொழில் மேல சத்தியம்!"

அக்காவுக்கு உயிர் வந்தது. தம்பியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். தம்பியின் திறமைக் குறைவை நினைத்து அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை. கண்ணைத் திறப்பதற்கு முன்பே அக்கா கையை நீட்டிச் சுவரைத் தடவினாள்.

வழவழ.

பதறி எழுந்து விளக்கைப் போட்டாள். ஒரு கொப்புளம் இல்லை. ஒரு கீறல் இல்லை. சுவர் அவளைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தது.

போனை எடுத்தாள். "டேய், உன் பெயிண்ட் நிக்குதுடா!"

"நிக்குதா?" என்றான் தம்பி. குரலில் இருந்த சந்தோஷத்தை அவனால் மறைக்க முடியவில்லை. "நிஜமாவா? எங்கேயுமே உப்பலையா? மூலையில பார்த்தியா?"

"உடனே கிளம்பி வா. இல்லேன்னா நானே வந்து உன்னை உரிக்கிறேன்!"

வந்தான். சுவருக்கு முன்னால் நின்றான். தட்டிப் பார்த்தான், நகத்தால் கீறிப் பார்த்தான், காதை வைத்துக்கூடக் கேட்டான். முகம் ஒரு பக்கம் மலர, ஒரு பக்கம் வாடியது.

"என்னடா பண்ணினே இதுக்கு?"

"பழைய பூச்சை எல்லாம் சுரண்டினேன். ஒரு பெரிய விளக்கு வாடகைக்கு எடுத்துட்டு வந்து காய வெச்சேன். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்ச்சு, ஈரத்தைத் தாங்குற பிரைமர் ரெண்டு கை விட்டேன். காண்ட்ராக்டர் எனக்குக் கூலிக்குப் பதிலா கொடுத்த பிரைமர்க்கா, ஆஸ்பத்திரிக்கு அடிக்கிறது. அதுக்கு மேல பெயிண்ட்." தயங்கினான். "அப்புறம்... இதுல தண்ணி கலக்கலை."

"மத்தவங்க வீட்டுக்கெல்லாம் கலப்பியா?"

"காண்ட்ராக்டர் ஒரு டப்பா கொடுத்து மூணு வீடு முடிக்கச் சொல்லுவாரு. கலக்காம எப்படி முடியும்? இது எங்க அக்கா வீடு. யாரும் அவசரப்படுத்தலை. அதான், ஒரு தடவையாவது ஒழுங்கா பண்ணிப் பார்ப்போம்னு..."

அக்காவுக்கு அவனை அடிப்பதா அணைப்பதா என்று தெரியவில்லை. "எத்தனை நாள் தாங்கும்?"

"ஒரு வருஷம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்போதுதான் வேலை முடிந்து வந்த ரொட்டிக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீராவி. எங்க அடுப்பு அறையில எந்தப் பெயிண்டும் நிக்கிறதில்லை. ஈரமும் சூடும் சேர்ந்தா எல்லாம் உப்பிடும்."

வீட்டில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் தண்ணீரோடு அடுப்பில் ஏறின. எதிர் வீட்டு நர்ஸம்மா தன் அடுப்பிலும் ஒரு குண்டான் வைத்துக் கொடுத்தாள். "யாருக்காவது பிரசவமா?" என்று மட்டும் கேட்டாள். கொதிக்கிற பாத்திரங்களைச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். அக்கா துண்டால் விசிறி, நீராவியைச் சுவரின் பக்கம் தள்ளினாள். அவளுக்கு அது பழகின வேலை.

இளையவனை நர்ஸம்மா வீட்டில் விட்டார்கள். மூத்தவள் படிக்கட்டில் காவலுக்கு நின்றாள்.

அறைக்குள் மேகம் இறங்கியது. ரொட்டிக்காரர் எங்கே இருக்கிறார் என்று குரலை வைத்துத்தான் தெரிந்தது. எல்லோர் உடம்பிலும் வியர்வை வழிந்தது. சுவரிலும் நீர்த்துளிகள் கோத்து, உருண்டு, இறங்கின. பெயிண்ட் மட்டும் அசையவில்லை. குளித்து முடித்த குழந்தை மாதிரி முன்னைவிட அழகாக இருந்தது.

"ஏன்டா இப்படி நிக்குது?" என்று அக்கா அழாத குறையாகக் கேட்டாள்.

"நல்ல பிரைமர்க்கா..."

மூத்தவள் ஓடி வந்தாள். "அம்மா! வந்துட்டாங்க! ரொம்ப நேரமா படிக்கட்டுத் திருப்பத்துலேயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. மூச்சு வாங்குது போலிருக்கு. இப்ப ஏறி வராங்க!"

பாத்திரங்களை ஒளிக்க இடமில்லை. ஒவ்வொருவரும் கையில் ஒரு பாத்திரத்தோடு நின்றபோது கதவு தட்டப்பட்டது.

அதிகாரியம்மா குள்ளமாக, தடித்த கண்ணாடி போட்டவராக இருந்தார். தோளில் பெரிய பை. அறைக்குள் ஒரு அடி வைத்ததும் கண்ணாடி இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிட்டது.

"மன்னிக்கணும், குளிக்கிற இடத்துக்கு வந்துட்டேனா?"

"இல்லை மேடம், வாங்க, இதுதான் வீடு. டீ போட்டுக்கிட்டு இருந்தோம்" என்றாள் அக்கா.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர்கள் கையில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எத்தனை பேருக்கு?"

அவர் பார்வை சுவருக்குப் போனது. அருகில் போனார். ஒரு விரலால் மேலிருந்து கீழாகத் தடவினார். நின்றார். மறுபடி தடவினார்.

"மனுவுல ஓதம், பூசணம்னு சொல்லியிருந்தீங்க."

"இருக்கு மேடம், உள்ளே இருக்கு" என்றாள் அக்கா. வார்த்தைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. "நேத்துக் காலையில வரைக்கும் வெளியிலதான் இருந்துச்சு. நீங்க வரீங்கன்னு எங்க தம்பி மரியாதைக்குப் பெயிண்ட் அடிச்சுட்டான். நாங்க எதையும் மறைக்கலை மேடம். யாராவது கஷ்டத்தை மறைச்சு உதவி கேட்பாங்களா?"

"பையனுக்கு ராத்திரியெல்லாம் இருமல் மேடம். டாக்டரைக் கேட்டுப் பாருங்க" என்றார் ரொட்டிக்காரர்.

அதிகாரியம்மா முகத்தில் எதுவும் தெரியவில்லை. "இதை அடிச்சது?"

மூன்று விரல்கள் ஒரே பக்கம் நீண்டன. கொப்புளம் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

"நீங்கதானா?" அவர் அவனைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார். "பேரு?"

"எல்லாரும் கொப்புளம்னு கூப்பிடுவாங்க மேடம்" என்று மூத்தவள் முந்திக்கொண்டாள். "மாமா அடிச்சா கொப்புளம் விடும், அதனால. இது மட்டும்தான் விடலை. எங்க நேரம்!"

"அப்படியா" என்றார் அதிகாரியம்மா. சுவரை இன்னொரு முறை தடவினார். "நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க."

கொப்புளத்தின் வாழ்க்கையில் இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. வேறு நாளாக இருந்தால் அவன் அன்று சாப்பிட்டிருக்க மாட்டான், வயிறு நிறைந்திருக்கும். இன்று அந்தப் பாராட்டு அவன் அக்காவின் வீட்டைப் பறித்துக்கொண்டிருந்தது.

தன் தோள்பையிலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்தான்.

"மேடம், உங்க முன்னாடியே சுரண்டிக் காட்டுறேன். நீங்க பார்த்துக்கிட்டே இருங்க. அப்ப நாங்க கெடுத்தோம்னு ஆகாதுல்ல? உள்ளே ஈரம் இல்லேன்னா மனுவைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

தகட்டைச் சுவரில் வைத்தவன் அப்படியே நின்றான். கை கீழே இறங்க மறுத்தது. அந்தச் சுவரில் ஒரு கோடு இல்லை, ஒரு தூரிகை மயிர் ஒட்டியிருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் ஒரே சீராக விழுந்தது.

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அவனைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். "வேணாம்டா, விடு" என்றாள் மெதுவாக. "வேற வழி பார்ப்போம்."

"வேற என்னக்கா வழி இருக்கு?" என்றான் அவன். "சுவர் போனா இன்னொரு சுவர் அடிச்சுக்கலாம்."

அதிகாரியம்மா அங்கிருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவருக்கு நேராக வசதியாக உட்கார்ந்தார். "சுரண்டுங்க" என்றார். "டீ இருக்குன்னு சொன்னீங்களே, ஒரு கப் கொடுங்க."

கொப்புளம் சுரண்ட ஆரம்பித்தான். நன்றாகப் பிடித்த பெயிண்ட், லேசில் வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினான். முதலில் வெண்ணெய் நிறம் சுருள் சுருளாக விழுந்தது. பிறகு வெள்ளைப் பிரைமர். பிறகு பட்டி. அவன் மூச்சு இரைத்தது.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார் அதிகாரியம்மா, டீயை உறிஞ்சிக்கொண்டே.

மேலே சுரண்டினான்.

"அந்த மூலையை விட்டுட்டீங்க பாருங்க."

மூலைக்குப் போனான். மூத்தவள் தன் அப்பாவின் காதில், "இந்த மேடம் ரொம்பக் கறார்ப்பா" என்றாள்.

"ஆபீசருன்னா அப்படித்தான் இருப்பாங்க" என்றார் அவர், வாயைப் பொத்திக்கொண்டு.

மூலையில் ஒரு பெரிய பட்டித் துண்டு சட்டென்று பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்து கறுப்பு தெரிந்தது. ஈரச் சிமெண்டின் வாசனை அறை முழுக்கப் பரவியது. அடைபட்டுக் கிடந்த தண்ணீர் ஒரு கோடாக வழிந்து, தரைக்கு வந்து, அதிகாரியம்மாவின் காலடியில் தேங்கியது.

"இருக்கு!" என்று கத்தினாள் அக்கா. "மேடம், பாருங்க, தண்ணி! பூசணம்! எல்லாம் அப்படியே இருக்கு!"

ரொட்டிக்காரர் கையில் இருந்த பாத்திரத்தோடு துள்ளிக் குதித்தார். பாதி வெந்நீர் அவர் காலிலேயே கொட்டியது. அதற்கும் சேர்த்துக் கத்தினார். தங்கள் சுவரில் ஓதம் இருக்கிறது என்று இவ்வளவு கொண்டாடிய குடும்பத்தை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. எதிர் வீட்டிலிருந்து நர்ஸம்மா ஓடி வந்து, "என்ன குழந்தை?" என்றாள்.

அதிகாரியம்மா எழுந்தார். டீக் கோப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு, சுவரைப் படம் எடுத்தார். இளையவனைக் கூப்பிட்டு அவன் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டார். அவன் தலையைக் கோதிவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக அவர் முகம் இளகியது.

"புதுக் குடியிருப்புல முதல் மாடி. ரெண்டு அறை, தனி சமையலறை. ரெண்டு பக்கமும் ஜன்னல், வெயில் நல்லா வரும். முன்பணம் எங்களுது. வாடகை உங்க ரெண்டு பேர் சம்பளத்தையும் பார்த்துக் கணக்குப் போடுவோம், கட்டுறது கஷ்டமா இருக்காது. யாருக்காவது வேலை போயிட்டா உடனே வந்து சொல்லுங்க, குறைச்சுக்கலாம். மறைக்காதீங்க. வெட்கப்படவும் வேணாம், அதுக்குத்தான் நாங்க இருக்கோம். அடுத்த வாரம் வந்து சாவி வாங்கிக்கங்க."

அக்கா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பார்க்க இளையவன் துண்டுக்குள் தலையை விட்டான்.

"புது வீட்டுக்கு நானே..." என்று கொப்புளம் ஆரம்பித்தான்.

"வேணாம்!" என்றார்கள் ரொட்டிக்காரரும் மூத்தவளும் ஒரே குரலில்.

துண்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "அடிக்கட்டும். தண்ணி கலக்காம அடிப்பான். அடிப்பேதானே?"

"சத்தியமாக்கா" என்றான் அவன். தலைமுடியெல்லாம் பட்டித் தூள். ஒரே நாளில் வயதாகிவிட்டவன் மாதிரி இருந்தாலும் சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

அதிகாரியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பில் காலை நுழைத்தபடி, "மழை வர்றதுக்கு முன்னாடி குடி போயிடுங்க. இங்கே நிலைமை மோசம். நான் ஏறி வரும்போதே படிக்கட்டுப் பக்கம் இந்தச் சுவர்ல ஈரம் அளக்கிற கருவி வெச்சுப் பார்த்தேன். முள்ளு கடைசி வரைக்கும் போயிடுச்சு. உங்களுக்கு வீடு கொடுக்கிறதுன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டுத்தான் கதவைத் தட்டினேன்" என்றார்.

கொப்புளத்தின் கையிலிருந்த தகடு நழுவியது. அக்கா துண்டை விலக்கினாள். ரொட்டிக்காரர் தரையில் குவிந்து கிடந்த வெண்ணெய் நிறச் சுருள்களையும், மைத்துனன் உள்ளங்கையில் சிவந்து கிடந்த தடத்தையும் பார்த்தார்.

"அப்புறம் எதுக்கு மேடம் இவனை இவ்வளவு நேரம் சுரண்ட விட்டீங்க?"

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். அவர் உதட்டோரம் அதற்கு மேல் அடக்க முடியாமல் துடித்தது.

"போன வருஷம் நான் ஆபீஸ்ல இருந்த நேரமாப் பார்த்து எங்க வீட்டு ஹாலுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டுப் போனது இந்தக் கொப்புளம்தாங்க, அத்தனையையும் நான் ஒருத்தியா உட்கார்ந்து சுரண்டினேன்!"